இடைக்காலப் பொறுப்பில் இருந்த எசேக்கியேல் ஐயா

எசேக்கியேல் ஐயா காலமான செய்தி எனக்குக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் கிடைத்தது. விடுதிப் பிள்ளைகளுக்குக் கத்திரிக்காய் வாங்கப் போயிருந்தேன். மாடு விற்க வந்திருந்த நாராயணப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் ஐயாவோடு நல்ல பழக்கம். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, உங்க எசேக்கியேலய்யா போயிட்டாராம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு, எந்திரிக்கவே இல்லையாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எத்தனையோ முறை இடைக்காலப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட மனிதர் கடைசியில் அந்தப் பொறுப்பிலேயே போய்விட்டாரே என்ற கோபம். கத்திரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

நம் சபை இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டபோது, "இரண்டு பக்கம் போதும் டீச்சர், சாந்தமாக எழுதுங்கள்" என்றார். சாந்தத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஐயாவை அறிந்தவர்கள் என்னையும் அறிவீர்கள்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் லுத்தரன் சபையும் கடல் கடந்த ஒரு நாட்டின் லுத்தரன் சபையும் சேர்ந்து நடத்துவதுதான் கூட்டூழியம். கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூடம், விடுதி, மருந்தகம். பாரூர், சாமல்பட்டி, ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சிறு சிறு சபைகள். இவற்றுக்கெல்லாம் ஒரு தலைவர் உண்டு. அவர் போதகராகத்தான் இருக்கவேண்டும் என்று விதி இல்லை. முதன்முதலில் இருந்தவர் ஒரு டாக்டர். ஆனால் வெளிநாட்டவராக இருக்கவேண்டும் என்று எழுதாத விதி ஒன்று இருந்தது. ஒருவர் போய் அடுத்தவர் வருகிற வரைக்கும் வேலையைப் பார்ப்பவர் எசேக்கியேல் ஐயா. அவரும் பட்டம் பெற்ற போதகர்தான். பெங்களூரில் வேத சாஸ்திரம் படித்தவர்தான். அடுத்தவர் வந்ததும் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போய்விடுவார்.

எங்கள் பக்கத்துச் சபைகளை நிர்வகிப்பது லேசான காரியம் அல்ல. ஒரே ஆராதனையில் ஒரு பெஞ்சில் தமிழ், அடுத்த பெஞ்சில் தெலுங்கு, கதவோரம் கன்னடம். ஐயாவுக்கு மூன்றும் சரளமாக வரும். அவர் அம்மா தெலுங்குக்காரர். மனைவி எஸ்தர் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னடக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒருமுறை பாரூர் ஏரிக் கால்வாயில் தண்ணீர் திருப்புவதில் நம் சபைக் குடும்பங்கள் இரண்டுக்குள் கைகலப்பு வரை போய்விட்டது. ஒன்று தமிழ் பேசும் குடும்பம், மற்றது தெலுங்கு. ஐயா இரு தரப்பையும் கோயிலில் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். பொழுது சாயும்வரை கேட்டார். தீர்ப்பு என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுந்து, தெலுங்கில் ஜெபித்தார். தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஆமென் சொல்லாமல் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் மடையைத் திறந்துவிட்டார். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர்கள் மொழியில்தான் ஐயா ஜெபிப்பார் என்பது கிராமத்துக்குக் கிராமம் தெரியும். தமிழருக்கு நஷ்டம் என்றால் தமிழில், கன்னடருக்கு என்றால் கன்னடத்தில். இதைப் பற்றி அவரிடம் கேட்டால், "அடிபட்டவனுக்குப் புரியணும்ல டீச்சர்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அறுபத்தேழில் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய கோடையில், அப்போதிருந்த தலைவர் விசா நீட்டிப்புக் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினார். அந்த நாட்டுச் சபையின் பிரதிநிதி ஒருவர் வந்தார். ஐயா வீட்டில் டீ குடித்துக்கொண்டே, இனி உங்களில் ஒருவரே தலைவராகும் காலம் வந்துவிட்டது என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எங்களில் ஒருவர் என்றால் யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. எஸ்தர் அம்மா டீத் தட்டை உள்ளே கொண்டுபோகும்போது என் தோளை அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஐயாவின் நடையே மாறியது. சைக்கிளில் எங்கே போனாலும், "உங்க ஊருக்கு மொதல்ல எது வேணும்?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஓசூரிலிருந்து நம் பையன்கள் பெங்களூர்த் தொழிற்சாலைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே, அவர்கள் தங்க அங்கே ஒரு விடுதி வேண்டும் என்றார். கன்னடக் குடும்பங்களுக்கென்று ஒரு போதகர் வேண்டும் என்றார். நடவுக் கூலிக்குப் போகும் பெண்களும் வந்து உட்கார வசதியாக, கூட்டூழியக் கமிட்டிக் கூட்டம் கிருஷ்ணகிரியில் மட்டும் நடக்காமல் ஊர் ஊராக நடக்க வேண்டும் என்றார். இதையெல்லாம் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் இருந்த உற்சாகத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிய தலைவரின் முதல் ஞாயிறன்று எல்லா ஊர்க்காரர்களும் கிருஷ்ணகிரிக்கு வந்து, ஊருக்கு ஒரு சரணமாக அவர் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். கடைசி ஊர் பாடி முடிக்கும்வரை தலைவர் நின்றுகொண்டே இருக்கவேண்டும். தன் பெயரை ஓர் ஊர் பாடாவிட்டால் அவர் அந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். பாட்டை எழுதுவது என் வேலை. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துப் பழக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் எழுதிவிட்டேன். 'வழிபார்த்து நின்றோம், வாருமய்யா, எசேக்கியேல் ஐயா' என்று தொடங்கும். பாரூருக்கு நானே போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று பின்னால் கமிட்டியில் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தாமதித்தவர்கள் அவர்கள்தான்.

அறிவிப்பு ஒரு ஞாயிறு ஆராதனையில் வந்தது. இடைக்காலப் பொறுப்பில் இருப்பவர் என்பதால் அதை வாசிக்கவேண்டியவரும் ஐயாதான். புதிய தலைவராக அந்த நாட்டிலிருந்து போதகர் ஹேகன் வருகிறார், விசா கிடைத்துவிட்டது, அவரை வரவேற்க ஆயத்தமாவோம். தமிழில் வாசித்தார். தெலுங்கில் சொன்னார். கன்னடத்தில் சொன்னார். மூன்று முறையும் குரல் ஒன்றுபோலவே இருந்தது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் நேராக அவரிடம் போய், இது என்ன அநியாயம் என்று கேட்டேன். "யாரு வந்தாலும் பந்தலுக்கு மூங்கில் வேணும்ல டீச்சர். சாமல்பட்டியில சொல்லி அனுப்பணும்" என்றார். மூங்கிலைப் பற்றிப் பேசுகிற மனிதரிடம் நான் என்னத்தைச் சொல்ல? தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளைக்காரர்கள் வாக்குத் தவறிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மை அதைவிட மோசம். கமிட்டிச் செயலாளர் மூப்பர் தங்கையாவிடமிருந்தே அது வெளியே வந்தது. அந்தப் பிரதிநிதி போகும்முன் கமிட்டியில் இருக்கும் நம் சபை மூப்பர்களைத் தனியாகச் சந்தித்திருக்கிறார். எசேக்கியேல் எப்படி என்று கேட்டிருக்கிறார். நம்மவர்களே, இன்னொரு வெளிநாட்டவரை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று தங்கையாவை மடக்கினேன். "நம்மாளு ஒருத்தரு வந்தா, அவரு தெலுங்குக்காரங்க ஆளா, தமிழாளுங்க ஆளான்னு பேச்சு வரும் டீச்சர். தொரைன்னா எல்லாருக்கும் பொது" என்றார். மூன்று மொழிகளிலும் ஜெபித்த மனிதரை மூன்று தரப்பும் சேர்ந்து வேற்றாள் ஆக்கிவிட்டன. பாரூர்ப் பெரியவர் மடையைத் திறந்தாரே தவிர, அந்தத் தெலுங்கு ஜெபத்தை மறக்கவில்லை. ஒவ்வொரு தரப்பும் அவர் மற்றவர்களுக்காகச் செய்த ஜெபத்தை மட்டும் பத்திரமாக நினைவில் வைத்திருந்தது.

வரவேற்பு நாளில் பந்தல் நன்றாகத்தான் அமைந்தது. மாவிலைத் தோரணம், வாழை மரம், மேளம், ரோஜா மாலை. போதகர் ஹேகன் நல்ல உயரம். வெயிலில் முகம் சிவந்து, மாலையோடு சிரித்தபடி நின்றார். ஐயா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். கிருஷ்ணகிரி பாடியது, ஓசூர் பாடியது, சாமல்பட்டி பாடியது. எல்லாம் மாற்றிய பெயரோடு. பிறகு பாரூர்ப் பெண்கள் எழுந்தார்கள். நீலம்மாதான் முன்பாட்டு. நாற்று நடும்போது வரப்புக்கு வரப்பு கேட்கும் குரல் அது. 'வழிபார்த்து நின்றோம், வாருமய்யா, எசேக்கியேல் ஐயா' என்று ஆரம்பித்தார். பெண்கள் அத்தனை பேரும் வாங்கிப் பாடினார்கள். பந்தல் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. ஹேகன் மட்டும் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தங்கையா ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். பெயர் மாறிவிட்டது, சொல்லி அனுப்பினோமே என்று அடிக்குரலில் கடிந்துகொண்டார். நீலம்மா அடிக்குரலில் பேசிப் பழகாதவர்.

"சொன்னாங்கய்யா. ஆனா எங்க ஊரு இந்தப் பேருக்குத்தான் பாட்டுப் பழகுச்சு. வேற பேருக்கு எங்ககிட்டப் பாட்டு இல்ல" என்றார்.

என் வாழ்நாளில் ஒரு மேடையைப் பார்த்து நான் அவ்வளவு ஆசையோடு காத்திருந்ததில்லை. ஐயா ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தால் போதும். சும்மா நின்றிருந்தால் போதும். பாரூர் அவர் பெயரைச் சொல்லிவிட்டது. மற்ற ஊர்களும் யோசித்திருக்கும். ஆனால் அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பெண்களோடு போய் நின்றார். 'வாருமய்யா, ஹேகன் ஐயா' என்று தனியாகப் பாடினார். அவருக்குப் பாட வராது. சுருதி எங்கோ போனது. பெண்கள் வாயைத் திறக்கவில்லை. ஒரு சரணம் முழுவதையும் அவர் ஒருவராகவே பாடி முடித்தார். மேலே போனதும், என்ன நடந்தது என்று ஹேகன் கேட்டார். இந்த ஊர்க்காரர்கள் உங்களை இரண்டு முறை வரவேற்றிருக்கிறார்கள் என்று ஐயா ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. ஹேகன் கைகூப்பி நன்றி சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் ஐயாவைப் பிடித்துக்கொண்டேன். "ஊட்டுக்கு வந்தவரு டீச்சர். வாசப்படியிலயே வெச்சுக் கொற சொல்லணுமா?" என்றார். அவர் இலையில் ரசம் ஊற்றாமல் நகர்ந்துபோய்விட்டேன்.

ஹேகனைக் குறை சொல்லமாட்டேன். உழைத்தார். தமிழ் படித்தார். கொஞ்சம் தமிழ் வந்ததும் பாரூருக்குப் போயிருக்கிறார்; நாற்று நட்டுக்கொண்டே பெண்கள் அதே பாட்டைப் பாடுவதைக் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு வந்து, அதில் ஏன் எசேக்கியேல் பெயர் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். காதுவரை சிவந்துபோனார். உங்கள் கமிட்டி அழைத்ததால்தானே வந்தேன் என்றார். பிறகு, "அவர் வேண்டும் என்று கேட்டாரா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கேள்வி நியாயமானது என்பதால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்த கோடையில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது, உடம்பு தேறவில்லை, ஊருக்கே அனுப்பவேண்டியதாயிற்று. சாவிக்கொத்து மறுபடியும் ஐயாவின் கைக்கு வந்தது.

ஹேகனை வழியனுப்ப ஐயாவும் எஸ்தர் அம்மாவும் நானும் பெங்களூர் வரை போனோம். திரும்பும்போது சூளகிரியில் பஸ் நின்றது. எஸ்தர் அம்மா இருக்கையிலேயே தூங்கிவிட்டார். நாங்கள் இருவரும் இறங்கி டீ வாங்கினோம். அடுத்தவர் வருவதற்குள் பந்தல் கால்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஐயா ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு அந்தப் பொறுப்பின் மேல் ஆசையே இல்லையா, ஆசை இல்லை என்றால் சொல்லிவிடுங்கள், நானாவது நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று கேட்டுவிட்டேன்.

அவர் டீயை முழுவதும் குடித்தார். கிளாஸைப் பலகைமேல் வைத்தார்.

"ஆசை இருந்துது டீச்சர். இப்பவும் இருக்குது. கேட்டா, பதவி ஆச புடிச்சவன்னு குடுக்கமாட்டாங்க. கேக்காம இருந்தா, ஆசையே இல்லாத மகான்னு சொல்லிட்டுக் குடுக்கமாட்டாங்க. எப்பிடிப் பாத்தாலும் எனக்கு இல்ல."

கண்டக்டர் விசில் ஊதினார். ஓடிப்போய் ஏறிக்கொண்டோம். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கன்னடக் குடும்பங்களைப் பார்க்கப் போனார், மருந்தகத்துக் கூரையை மாற்றினார், என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு வாத்தியார் தேடிக் கொடுத்தார். ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டம் கோயிலில் கொள்ளவில்லை. மூன்று மொழி அழுகையும் கேட்டது. மூப்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். தங்கையா தழுதழுத்த குரலில், "பதவி ஆசை என்பதே அறியாத பரிசுத்தவான். தலைமை தேடி வந்தபோதும் விலகி நின்றவர்" என்றார். பலர் தலையாட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழப்போனேன். அதற்குள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எஸ்தர் அம்மா நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் சபையில் அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"ஆசை இருந்துது. எங்கிட்டச் சொல்லி அழுதாரு" என்றார்.

தங்கையா கையிலிருந்த துண்டை மடிக்கத் தொடங்கினார். மடித்துக்கொண்டே இருந்தார். யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள், பெட்டியைத் தூக்கினார்கள்.

ஐயாவின் பொறுமையைப் பற்றி இந்த இதழில் இன்னும் பலர் எழுதுவார்கள். அவர் அன்பு, தாழ்மை, மூன்று மொழிப் புலமை எல்லாவற்றையும் வேண்டியவர்கள் பகிர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவற்றில் பங்கு வேண்டாம். பெங்களூரில் விடுதி, கன்னடத்துக்கு ஒரு போதகர், ஊர் ஊராகக் கமிட்டி என்று வராந்தாவில் நின்று சொன்னபோது அவர் குரலில் இருந்ததே, அந்த ஆசையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வருகிற மாதம் கமிட்டி கூடுகிறது. அடுத்த தலைவரை அனுப்பும்படி வழக்கம்போல் வெளியே கேட்கலாமா என்று பேசப்போகிறார்கள். உங்களில் யாருக்கு விருப்பம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்காமலே எழுந்து, எனக்கு அந்த வேலை வேண்டும் என்று சொல்லப்போகிறேன். பொம்பளைக்குப் பதவி ஆசையா என்பார்கள். ஆமாம் என்பேன்.